ஜனவரி மாதம் மட்டும் பார்க்கலாம்!

இந்த மாதம் எனக்கு முழுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று படிங்க.

முதலில் ஒரு கேள்வி. உங்ககிட்ட ரொம்ப அழகான படம் 38 இருக்கு. அதை ஊருக்கே கொடுத்திடலாம்னு நினைக்கிறீங்க. கொடுக்கும்போது, “வருஷத்துல ஒரே ஒரு மாதம்தான் இதை எல்லாரும் பார்க்கணும். மீதி 11 மாதமும் உள்ளே வச்சிடணும்”னு எழுதிக் கொடுப்பீங்களா? ஒருத்தர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அவர் பெயர் ஹென்றி வான். ஆங்கிலத்தில் எழுதினால் ‘வாகன்’ மாதிரி இருக்கும், ஆனால் ‘வான்’ என்றுதான் சொல்லணும். எங்களுக்கு அதுவே வசதி, மறக்காது. ஏன்னா அவர் கொடுத்த படங்களில் பாதிக்கு மேல் வானம்தான் இருக்கும்.

இதை எங்க ஓவிய ஆசிரியர் வகுப்பில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கொடுக்கிறவர் முழுசா கொடுக்க வேண்டியதுதானே, எதுக்குக் கண்டிஷன்? சார் பதில் சொல்லவில்லை. “நீயே கண்டுபிடிச்சு சுவர் இதழ்ல எழுது” என்று சொல்லிவிட்டார். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

படம் வரைந்தவர் யார்?

அவர் பெயர் ஜோசப் மல்லார்ட் வில்லியம் டர்னர். இங்கிலாந்து நாட்டுக்காரர். 1775-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அப்பா முடி திருத்தும் கடை வைத்திருந்தார். மகன் வரைந்த படங்களை அந்தக் கடையிலேயே தொங்கவிட்டு, முடி வெட்ட வருகிறவர்களுக்குச் சில ஷில்லிங் விலையில் விற்பாராம். ராயல் அகாடமி என்ற பெரிய ஓவியப் பள்ளியில் டர்னர் சேர்ந்தது 1789-இல். அப்போது அவருக்கு 14 வயது. எனக்கும் 14 வயதுதான் (சும்மா சொல்லி வைக்கிறேன்). அடுத்த வருஷமே அவருடைய நீர்வண்ணப் படம் ஒன்று அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது.

அவர் பெரும்பாலும் வரைந்தது இயற்கைக் காட்சிதான். மலை, ஏரி, கடல், புயல், மூடுபனி. கோடைக்காலம் வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார். ஸ்காட்லாந்து, சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லாம் போயிருக்கிறார். பென்சிலில் குறித்துக்கொண்டு வந்து பிறகு வீட்டில் வண்ணம் தீட்டுவார்.

நீர்வண்ணம் என்பது நாம் வகுப்பில் வட்ட வட்டமாக இருக்கும் டப்பாவில் தொட்டு எடுக்கிறோமே, அதேதான். நிறப்பொடியுடன் பிசினைச் சேர்த்துக் குழைத்துச் செய்வது. அந்தப் பிசின் நம்ம கருவேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்திலிருந்து கிடைக்கிறது. எண்ணெய் வண்ணம் திக்காக இருக்கும், தாளையே மறைத்துவிடும். நீர்வண்ணம் அப்படி இல்லை. மெல்லிசு. வெளிச்சம் அந்த நிறத்தைத் தாண்டிப் போய், தாளின் வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும். அதனால்தான் நீர்வண்ணப் படம் உள்ளிருந்து விளக்கு எரிகிற மாதிரி தெரிகிறது. ஆனால் படம் முழுக்க அவ்வளவு மெல்லிய நிறம்தான் இருக்கிறது என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க. அது போச்சுன்னா அடியில் வேறொன்றும் இல்லை, தாள்தான்.

டர்னர் வரைகிற விதம் நாம் நினைக்கிற மாதிரி பொறுமையான வேலை கிடையாது. 1818-இல் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, போர்க்கப்பல் ஒன்றை வரைந்து காட்டச் சொன்னார்கள். தாளில் வண்ணத்தை ஊற்றி நனையவிட்டு, தேய்த்து, சுரண்டி, பைத்தியம் பிடித்தவர் மாதிரி வேலை செய்தாராம். காலைச் சாப்பாட்டிற்கு உட்கார்ந்து எழுந்தவர், மதியச் சாப்பாட்டிற்குள் முடித்துவிட்டார். கப்பல் மட்டும் அத்தனை நுணுக்கமாக வந்திருந்தது. வெள்ளை வேணும்கிற இடத்தில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிவிடுவார். அதற்காகவே அந்த நகத்தை வெட்டாமல் நீளமாக வைத்திருந்தார் என்று சொல்வார்கள். (நம்ம பி.டி. சார் பார்த்திருந்தால் கிரவுண்டைச் சுற்றி ஓட விட்டிருப்பார்.)

ஹென்றி வான் கொடுத்த படங்களில் ‘பியாசெட்டா, வெனிஸ்’ என்று ஒன்று இருக்கிறது. சார் பள்ளிக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். வெனிஸ் நகரத்துச் சதுக்கத்தில் ராத்திரி மின்னல் வெட்டுகிறது. அரண்மனையும் தேவாலயமும் அந்த ஒரு நொடியில் பளிச்சென்று தெரிகின்றன. அந்த மின்னல் வெள்ளை வண்ணத்தால் வரைந்தது இல்லை. வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, தாளை வெளியே காட்டியிருக்கிறார். எங்க வகுப்பில் ஒருத்தருக்கும் அது முதலில் தெரியவில்லை. சார் சொன்ன பிறகு பார்த்தால் சுரண்டின கோடு தெரியுது.

இன்னொரு படம் ‘லாக் கொரூஸ்க்’. ஸ்காட்லாந்தில் ஸ்கை என்ற தீவில், மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஏரி. 1831-இல் அங்கே போனார். மலையில் ஏறும்போது கால் வழுக்கி, ஒன்றிரண்டு புல் கொத்தைப் பிடித்ததால்தான் பிழைத்தேன் என்று பிறகு சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் மலை கல் மாதிரியே இல்லை, சுழல்கிற தண்ணீர் மாதிரி இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பாறை மேல் எறும்பு அளவில் இரண்டு மனிதர்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் மலை எவ்வளவு பெரிசுன்னு தெரியும்.

படம் கொடுத்தவர் யார்?

ஹென்றி வான் 1809-இல் பிறந்தவர். அவர் அப்பா லண்டனில் தொப்பி செய்து விற்றுப் பணக்காரர் ஆனார். அப்பா இறந்தபோது மகனுக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை. சொத்து எல்லாம் வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் சுற்றினார், ஓவியங்களைச் சேர்த்தார். நல்ல படம் எது என்று பார்த்துப் பார்த்து வாங்கினார். ஜான் கான்ஸ்டபிள் என்பவர் வரைந்த, ஆற்றுத் தண்ணிக்குள் வைக்கோல் வண்டி நிற்கும் புகழ்பெற்ற எண்ணெய் வண்ணப் படத்தை 1886-இல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குச் சும்மாவே கொடுத்தவரும் இவர்தான்.

1899-இல் 90 வயதில் இறந்தார். உயிலைப் பிரித்தார்கள். டர்னரின் நீர்வண்ணப் படங்களில் 38 ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரத்திலுள்ள தேசிய ஓவியக் கூடத்துக்கு, 31 அயர்லாந்தின் டப்ளின் நகரத்திலுள்ள தேசிய ஓவியக் கூடத்துக்கு. லண்டன்காரர், லண்டன் ஓவியர் வரைந்த படங்களை லண்டனிலேயே எல்லாம் வைக்காமல் மற்ற ஊர்களுக்கும் பிரித்துக் கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாமே தலைநகரத்திலேயே இருந்தால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள்?

அந்த உயிலில்தான் கண்டிஷன். ஜனவரி மாதம் மட்டும் காட்ட வேண்டும். எல்லாப் படத்தையும் ஒரே சமயத்தில் காட்ட வேண்டும். காசு வாங்கக்கூடாது.

ஏன் ஜனவரி?

அங்கே ஜனவரி என்பது குளிர்காலத்தின் நடு. எடின்பர்க்கில் ஜனவரி முதல் தேதி சூரியன் காலை எட்டே முக்கால் வாக்கில்தான் வரும். சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாலேயே போய்விடும். அந்த ஏழு மணி நேரமும் மங்கலான வெயில். வருஷத்திலேயே வெளிச்சம் மிகக் குறைவான மாதங்களில் ஒன்று என்பதால் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். வெளிச்சம்தான் நீர்வண்ணத்துக்கு எதிரி.

அந்தக் காலத்தில் இது ஒரு பெரிய சண்டையாகவே நடந்தது. காட்சிக்கு வைத்த நீர்வண்ணப் படங்கள் வெளுக்கின்றன என்று சில பேர், அதெல்லாம் இல்லை என்று சில பேர். அரசாங்கம் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு அறிவியலாளர்களை ஆராயச் சொன்னது. அவர்கள் வண்ணம் தீட்டிய காகிதத் துண்டுகளைக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு, ஒரு பகுதியை மூடி, ஏறக்குறைய இரண்டு வருஷம் வெளிச்சத்தில் வைத்தார்கள். 1888-இல் அறிக்கை வந்தது. பல நிறங்கள் வெளுத்திருந்தன, சில அப்படியே இருந்தன. காற்றும் ஈரமும் இல்லாத குழாயில் வெளுப்பது மிகவும் குறைந்திருந்தது. வெளிச்சம், காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது என்று அதிலிருந்து தெரிந்தது.

இதில் எனக்கு மறக்காத விஷயம் மேகத்தின் கதை. அக்காலத்து ஓவியர்கள் மழைமேகத்தின் சாம்பல் நிறத்துக்கு அவுரி நீலத்தையும் காவிச் சிவப்பையும் கலப்பார்கள். அவுரி என்பது செடியிலிருந்து எடுப்பது. சம்பாரண் விவசாயிகளைப் பயிரிடச் சொல்லிக் கொடுமைப்படுத்தினார்கள் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோமே, அந்தச் செடிதான். காவி என்பது இரும்பு கலந்த மண். வெளிச்சம் பட்டால் செடி நீலம் மெல்ல மெல்லப் போய்விடும், மண் சிவப்பு நிற்கும். வரைந்தவர் மழைமேகம் வரைந்து வைத்திருப்பார். 50 வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு அது சாயங்காலச் செவ்வானம். படம் கெட்டுப்போனது அவருக்குத் தெரியவே தெரியாது. “ஆஹா என்ன அழகான அந்தி”ன்னு சொல்லிட்டுப் போவார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டர்னரே இதில் ரொம்ப அசட்டை. சீக்கிரம் வெளுக்கிற நிறங்களையும் வாங்கிப் பயன்படுத்துவார். வின்சர் என்ற வண்ண வியாபாரி எச்சரித்தபோது, வண்ணம் செய்வது உன் வேலை, அதைத் தீட்டுவது என் வேலை என்று சொல்லிவிட்டாராம். அவர் வரைந்து முடித்துவிட்டார். காப்பாற்றுகிற வேலை வேறு ஒருவருக்கு வந்தது.

நாங்களும் செய்து பார்த்தோம்

ரஸ்ஸல், ஆப்னி சோதனையை எங்க வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து செய்தோம். ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ரோஸ், வயலெட், மஞ்சள், பச்சை, நீலம் என்று பட்டை போட்டோம். ஒரு பட்டை பென்சில். ஒரு பட்டை செம்மண்ணைச் சலித்துக் கருவேலம் பிசினில் குழைத்துப் பூசியது. பாதித் தாளை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் முப்பது நாள் வைத்தோம்.

அட்டையை எடுத்தபோது ரோஸ் இருந்த இடமே தெரியவில்லை. வயலெட் நீலமாக மாறியிருந்தது (அதிலிருந்த ரோஸ் போய்விட்டது என்று சார் சொன்னார்). மஞ்சள் வெளுப்பு. பச்சையும் நீலமும் பாதி. பென்சில் அப்படியே இருந்தது. செம்மண் அப்படியே இருந்தது. அந்தத் தாளை இதே இதழில் கீழே இடது பக்கம் ஒட்டியிருக்கிறோம், பாருங்க. தொட்டுப் பார்க்காதீங்க, செம்மண் உதிருது.

இப்ப ஒரு கணக்கு. வெளிச்சத்தை அளக்க ‘லக்ஸ்’ என்று ஒரு அலகு இருக்கிறது. நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். இன்றைக்கு அருங்காட்சியகங்களில் நீர்வண்ணப் படத்துக்குச் சுமார் 50 லக்ஸ்தான் வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு 7 மணி நேரம், ஜனவரியில் 31 நாளும் திறந்திருக்குன்னு வச்சுக்குவோம். 7 × 31 = 217 மணி. 217 × 50 = 10,850. நேர் வெயிலில் இதே அளவு வெளிச்சம் விழ எவ்வளவு நேரம் ஆகும்? ஆறரை நிமிஷம்! ஒரு மாதம் முழுக்க அவ்வளவு பேர் பார்ப்பதும், ஆறரை நிமிஷம் வெயிலில் காயப்போடுவதும் வெளிச்சக் கணக்கில் ஒன்று. இதே கணக்கில் 125 வருஷம் காட்டினாலும் பதின்மூன்றரை மணி நேர வெயில்தான்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு நம்ம வராண்டா சுவர் ஞாபகம் வந்தது. அது மேற்குப் பார்த்த சுவர். தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரம் வெயில் விழும். சாய்ந்த வெயில்தானே, பாதி என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பது நாளில் எடின்பர்க்கின் 125 வருஷம் தீர்ந்துவிடும்.

போன வருஷம் எட்டாம் வகுப்பில் என்கூட உட்கார்ந்த தோழி நம்ம கண்மாயை வரைந்து இந்தச் சுவர் இதழுக்குக் கொடுத்தாள். மடை, கரைமேல் பனைமரம், தண்ணியில் ரோஸ் நிறத்தில் சாயங்காலம். எல்லாரும் பார்க்கணும் என்று சுவரின் நல்ல இடமாகப் பார்த்து ஒட்டியது நான்தான். ஆறு மாதம் இருந்தது. இதற்கு நடுவில் அவங்க வீட்டில் எல்லாரும் வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டார்கள். அவளும் போய்விட்டாள். வருஷக் கடைசியில் இதழைப் பிரிக்கும்போதுதான் பார்த்தேன். தண்ணியும் இல்லை, சாயங்காலமும் இல்லை. பென்சில் கோடு மட்டும் இருந்தது. அதை நான் யார்கிட்டயும் சொல்லவில்லை. அவள் பொங்கலுக்கு ஊருக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். வந்தால் படம் எங்கே என்று கட்டாயம் கேட்பாள்.

எங்க அப்பத்தாவிடம் ஹென்றி வான் கதையைச் சொன்னேன். அப்பத்தாவுக்கு ஆச்சரியமே இல்லை. அதனுடைய கூறைப்புடவை ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. சாமி கும்பிடுக்கு வருஷம் ஒரு தடவை கட்டும். மறுநாள் நிழலில் உலர்த்தி மடித்து வைத்துவிடும். “வெயில்ல போட்டா சாயம் போயிரும்டி. பெட்டியிலேயே வச்சிருந்தா மடிப்புல இத்துப்போயிரும். வருஷத்துக்கு ஒருக்கா கட்டணும்”ன்னு சொன்னது.

அப்பத்தா சொன்ன பிறகு உயிலை மறுபடி யோசித்தேன். நான் கோபப்பட்டது ‘ஜனவரி மட்டும்’ என்ற வார்த்தைக்கு. ஆனால் அதே உயிலில் கட்டாயம் காட்டணும், எல்லாத்தையும் சேர்த்துக் காட்டணும், இலவசமாகக் காட்டணும் என்றும் இருக்கிறது. பூட்டி வைக்கிறவர் இப்படி எழுத மாட்டார்.

டர்னர் தன்னுடைய படங்களைத் தானே நாட்டுக்குக் கொடுத்த கதையும் இருக்கிறது. 1851-இல் அவர் இறந்தபோது, முடித்த படங்களை எல்லாம் தனக்கென்று ஒரு கூடம் கட்டி அதில் சேர்த்து வைக்கணும் என்று உயில் எழுதியிருந்தார். சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கடைசியில் சுமார் 300 எண்ணெய் வண்ணப் படங்களும், காகிதத்தில் வரைந்தவை பல ஆயிரமும் நாட்டுக்குக் கிடைத்தன. கூடம் மட்டும் கட்டவில்லை. 1928 ஜனவரியில் தேம்ஸ் ஆற்று வெள்ளம் லண்டன் டேட் கூடத்தின் கீழ்த்தளத்தில் புகுந்து, அங்கே இருந்த அவருடைய காகிதப் படங்கள் பல நனைந்தன. தனிக்கட்டடம் 1987-இல்தான் வந்தது, 136 வருஷம் கழித்து. அவர் கேட்டது பெரிய கட்டடம், அதற்குப் பெரிய பணம் வேணும். ஹென்றி வான் கேட்டது காலண்டரில் ஒரு மாதம். செய்ய முடிகிற கண்டிஷனாகப் பார்த்துப் போட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எடின்பர்க்கிலும் டப்ளினிலும் நூறு வருஷத்துக்கு மேலாக ஜனவரியில் இந்தப் படங்களைக் காட்டி வருகிறார்கள். புது வருஷம் பிறந்தால் டர்னர் படம் பார்க்கப் போவது அங்கே பல பேருக்குப் பழக்கமே ஆகிவிட்டது. இப்போது மங்கலான மின்விளக்கு வசதி இருப்பதால் வேறு மாதத்திலும் காட்டலாம்தான். ஆனாலும் ஜனவரி ஜனவரியாகவே இருக்கிறது. டர்னர் பிறந்த 250-ஆவது ஆண்டான 2025-இல் இரண்டு ஊரும் படங்களை மாற்றிக்கொண்டன. எடின்பர்க்கின் 38 டப்ளினுக்குப் போனது, டப்ளினின் 31 எடின்பர்க்குக்கு வந்தது. அப்போதும் ஜனவரியில்தான் காட்டினார்கள்.

பல படங்களில் நீலம் இன்னும் நீலமாகவே இருப்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். நேரில் பார்த்தால் இன்னும் எப்படி இருக்குமோ.

தலைமையாசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டோம். இந்த மாதத்திலிருந்து சுவர் இதழ் மேற்குச் சுவரில் இருக்காது, இப்போது நீங்கள் நின்று படிக்கிற இந்த மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கும். இங்கே இருட்டாக இருக்கிறது என்று ஆறாம் வகுப்புத் தம்பிகள் சொல்கிறார்கள். கண் பழக இரண்டு நிமிஷம் ஆகும், நில்லுங்க. மாதக் கடைசியில் படங்களை எடுத்து நூலக பீரோவில் பழுப்புத் தாள் சுற்றி வைப்போம். பார்க்கணும்னா மதியம் வந்து கேளுங்க, எடுத்துக் காட்டுவோம்.

கீழே வலது பக்கம் ஒட்டியிருப்பது தோழி வரைந்த கண்மாய். பென்சில் கோடு தெரியும். மடைக்குப் பக்கத்தில் அவள் இரண்டு கொக்கு போட்டிருந்தாள், அது வண்ணம் இருந்தபோது யாருக்கும் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. இதற்கு மேல் நான் வண்ணம் தீட்டவில்லை. பொங்கலுக்கு அவள் வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி